தேடும் நேரம்

ஆர்த்திகா அதே சோதனையை மறுபடியும் ஓடவிட்டாள். திரையில் அதே எண் வந்து நின்றது. தகரக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது.

லிந்துலைக்கு மேலேயுள்ள தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளின் கடைசிக் காம்பராவில் இருந்தபடியே அவள் கொழும்புக் கம்பெனி ஒன்றுக்கு வேலை செய்தாள். மண்சரிவை முன்கூட்டிச் சொல்லும் பெட்டிகள் செய்கிற சின்னக் கம்பெனி. லயத்துக்கு மேலே மலை முழுக்கக் கம்பிகள் புதைத்திருந்தார்கள். மண் அசைந்தால் கம்பிகள் செய்தி அனுப்பும்; தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவத்துக் கூரையில் இருக்கும் பெட்டி சைரன் ஊதும். செய்தி வந்ததும், அது எந்தக் கம்பி என்று பெட்டியை இயக்கும் அடிப்படை நிரலான கெர்னல் தேடிப்பிடிக்க வேண்டும். அதற்கு ஒரு ஹாஷ் டேபிள். கம்பியின் எண்ணை வைத்துக் கணக்குப் போட்டு, எல்லாவற்றையும் துழாவாமல், நேரே உரிய அறைக்குப் போய்விடும். அந்தத் தேடல் எவ்வளவு வேகம் என்று அளப்பதுதான் அவளுக்குக் கொடுத்திருந்த வேலை.

கற்பனை எண்களைக் கொடுத்தபோதெல்லாம் தேடல் மின்னலாக இருந்தது. இன்று காலையில்தான் இந்த மலையில் இருக்கும் கம்பிகளின் நிஜ எண்களைக் கொடுத்தாள். செய்த இடத்தில் ஒரே இடைவெளி விட்டு எண் போட்டிருக்கிறார்கள். அதனால் மலைக் கம்பிகள் அத்தனையும் ஒரே அறைக்குள் போய் விழுந்தன. இனி ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஒன்றிரண்டு கம்பிகள் பேசினால் சமாளிக்கும். எல்லாம் சேர்ந்து கத்தினால் அந்தச் சின்னப் பெட்டி திணறிவிடும். வரிசை நிரம்பி, மிச்சச் செய்திகளைக் கீழே போட்டுவிடும். மேசையிலிருந்த மாதிரிப் பெட்டியில் அதையும் செய்து பார்த்தாள். சைரன் ஊதவில்லை. பிழை என்றுகூட ஒரு வரி வரவில்லை.

மயூரதனைக் கூப்பிட்டாள். யாழ்ப்பாணத்துக்காரர், அவளுடைய மேலதிகாரி.

"சராசரி நல்லாத்தானே கிடக்கு ஆர்த்திகா? பெட்டியெல்லாம் கூரையில பூட்டியாச்சு. திங்கக்கிழமை பாப்பம். என்னத்துக்கு இப்பிடிப் பதறுறியள்?"

"சராசரி மழைக்கு மண்ணு சரியாதுங்க சார்."

கூட்டம் ஒன்று இருக்கிறது என்று அவர் வைத்துவிட்டார்.

அம்மா சண்முகவடிவு வெறுங்குடத்தோடு உள்ளே வந்தாள்.

"மலையூத்துப் பீலியில தண்ணி நின்னுபோச்சுடி."

"இந்த மழையிலயா?"

"காலையில செவப்பா வந்துச்சு. இப்ப சொட்டுக்கூட இல்ல."

மலைக்குள் மண் நகர்ந்து ஊற்றை அடைத்திருக்க வேண்டும். ஆர்த்திகா எழுந்தாள். "அம்மா, கெளம்பு. எல்லாரையும் கோயிலுக்குப் போகச் சொல்லணும்."

"பொட்டி கத்தலையே. கத்துனா போவோம்."

தோட்டத் தலைவர் வீரய்யாவின் வாசலுக்கு ஓடி, பெட்டியை நம்ப வேண்டாம் என்றாள். அவரும் அசையவில்லை. "முன்னெல்லாம் மழைன்னா கண்ண மூட மாட்டோம். பொட்டி வந்தப்புறந்தான் நிம்மதி. மண்ணு அசைஞ்சா அதுவே கத்தும்னு நீதானம்மா சொன்ன?"

சொன்னது அவள்தான். பெட்டி வாயை மூடிக்கொண்டிருப்பதையே இவர்கள் பாதுகாப்பு என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

காம்பராவுக்குத் திரும்பி, கணினி வழியே மடுவத்துக் கூரையிலிருந்த பெட்டிக்குள் நுழைந்தாள். அளப்பதற்கு மட்டுந்தான் அவளுக்கு அனுமதி. சைரனை ஊதவைக்க ஒரு வரி போதும். வேலை போகும், அது போகட்டும். மலை அப்படியே நின்றுவிட்டால், அடுத்த முறை சைரன் ஊதும்போது யார் எழுந்து ஓடுவார்கள்? விரல் விசைமேல் நின்றது. மேலே எங்கோ கல் உருளுவதைப் போல ஒரு சத்தம். இடியாகவும் இருக்கலாம். அழுத்தினாள்.

சைரன் மலையெங்கும் அலறியது. பிள்ளைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு சனம் கோயில் மேட்டுக்கு ஓடியது. நனைந்து, நடுங்கி, எல்லோரும் மலையையே பார்த்தபடி நின்றார்கள். ஒன்றும் நடக்கவில்லை.

"மண்ணு எங்கம்மா சரிஞ்சிச்சு?" என்றார் வீரய்யா.

"பொட்டி கத்தலைங்க மாமா. நான்தான் கத்த வச்சேன்."

எல்லோருடைய முகமும் அவள் பக்கம் திரும்பியது. அவளுடைய கைபேசி அதிர்ந்துகொண்டே இருந்தது, மயூரதன். அவள் எடுக்கவில்லை. அடுப்பில் உலையை விட்டுவிட்டு வந்ததாகச் சொல்லி இரண்டு பெண்கள் படியிறங்கத் தொடங்கினார்கள்.

"கொஞ்சம் நில்லுங்க," என்றாள் சண்முகவடிவு.

அவள் கை நீட்டிய பக்கம், லயத்துக்கு நேர்மேலே, மூட்டத்துக்குள், ஒரு சவுக்கு மரம் கீழ்ப்பக்கமாகச் சாய்ந்து நின்றது. படியில் இறங்கியவர்களும் நின்று திரும்பிப் பார்த்தார்கள். அது முன்பே அப்படித்தான் நின்றதா என்று யாருக்கும் ஞாபகம் வரவில்லை.