மங்களம் பாடும்வரை

ஹார்மோனியத்தைத் திறக்குமுன் என் கணவர் கிருஷ்ணராசா அந்த விளக்கத்தைச் சொல்லாமல் விடமாட்டார்.

"பஜனை எண்டா என்ன? 'பஜ்' எண்டது சமஸ்கிருதம். பங்குபோடுறது, பங்குகொள்ளுறது எண்டு அர்த்தம். சாமிக்கும் எங்களுக்கும் ஒரே பாட்டில பங்கு."

வெம்பிளியில் கலாவதி அக்கா வீட்டு முன்னறையில் நெருக்கியடித்திருந்த பதினாலு பேரும் தலையாட்டினார்கள். நூலகத்தில் அகராதியைப் புரட்டி அதை எழுதிக்கொடுத்தவள் நான். அவர் என் பெயரை ஒருநாளும் சொன்னதில்லை. போகட்டும்.

எனக்கு வேண்டியது ஒரேயொரு பாட்டு. நான் அடியெடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் திருப்பிப் பாடவேண்டும். ஜெர்மனியில் ஒன்பது வருடம் கேட்டேன், லண்டனுக்கு வந்து மூன்று வருடமாகக் கேட்கிறேன். இன்று காரிலும் கேட்டேன். "ஓம், ஓம், பாப்பம்" என்றார். அந்தப் 'பாப்ப'த்துக்கு வயது பன்னிரண்டு.

என் இடம் எப்போதும் சுவருக்கும் ஹீற்றருக்கும் நடுவில்தான். முதுகு வெந்தாலும் எழும்பக்கூடாது. மங்களம் பாடுமுன் யாராவது எழும்பினால் அந்த வீட்டுக்கு ஆகாதாம். ஜன்னலால் புது உதைபந்தாட்ட ஸ்ரேடியத்தின் வளைவு தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நாலு பாட்டுக்குப் பின்பாட்டுப் பாடினேன்.

ஐந்தாவதும் அவருடையதே. முதலடியைப் பாடி நிறுத்தினார். நான் வாயை மூடிக்கொண்டேன். சத்தியமாகத் திட்டம்போட்டுச் செய்யவில்லை, ஆத்திரத்தில் வாய் திறக்கவில்லை. அப்போதுதான் தெரிந்தது, இவ்வளவு நாளும் எல்லோரும் என் குரலைப் பிடித்துக்கொண்டுதான் பாடியிருக்கிறார்கள். யாரோ இரண்டு சொல் முணுமுணுத்தார். மற்றவர்கள் என்னைப் பார்த்தார்கள்.

அவர் அதே அடியை இன்னொருமுறை பாடினார். நான் கைத்தாளத்தை மடியில் வைத்தேன்.

"சுலோச்சனாவுக்குத் தொண்டை கட்டிப்போச்சு" என்று சிரித்தார். "குளிர்தானே. என்ர பிளாஸ்க்கை அவவிட்டக் குடுங்கோ."

"ஐயோ பிள்ளை, முதலே சொல்லியிருக்கலாமே!" என்றார் கலாவதி அக்கா.

காலையில் அவருக்காக நான் அவித்த கொத்தமல்லித் தண்ணீர், கைமாறிக் கைமாறி என்னிடமே வந்தது. அக்கா மூடியில் வார்த்துத் தந்தார். நான் குடிக்கட்டும் என்று பதினாலு பேரும் காத்திருந்தார்கள். எவ்வளவு அன்பு! குடித்தால் பாடவேண்டும். பாடாவிட்டால் இன்னும் வார்ப்பார்கள்.

"இஞ்சாருங்கோ" என்றேன் அவரைப் பார்த்து. "என்ர தொண்டைக்கு ஒண்டுமில்லை. எனக்கொரு பாட்டு வேணும்."

ஹார்மோனியத்தின் காற்று மெல்ல இறங்கி நின்றது. அவருடைய விரல்கள் கட்டைகளின்மேல் அப்படியே இருந்தன. கலாவதி அக்கா சாமிப்படத்தைப் பார்த்தார். மங்களம் இன்னும் பாடவில்லை. யாரும் எழும்ப முடியாது, என் கணவரும்தான். என் கையிலிருந்த மூடியில் ஆவி பறந்துகொண்டிருந்தது.