ஐந்தருவித் தண்ணீரில் தோய்த்த கத்திகள்

ஜும்ஆ தொழுகை முடிந்து மசூது பட்டறைக்குத் திரும்பியபோது, மேசைமேல் துணி சுற்றி வைத்திருந்த இரண்டு வேட்டைக் கத்திகளையும் காணவில்லை. துணி மட்டும் கிடந்தது.

"இசக்கிதுரை அண்ணாச்சி வந்தாவ. ரெண்டையும் எடுத்துட்டுப் போயிட்டாவ," என்றாள் அவன் மனைவி முஹ்ஸினா. "ஆரியங்காவுல அவங்க தோட்டத்துக்குப் பன்னி எறங்கிருச்சாம். பஞ்சாயத்துல அனுமதி கெடச்சு இன்னைக்கே வேட்டையாம்."

"நீ ஏன் குடுத்த?"

"பட்டாளத்து மனுசன் வாசல்ல வந்து நின்னு கேக்காவ. குடுக்கக் கூடாதுன்னு நீங்க எங்கிட்ட சொன்னியளா?"

சொல்லவில்லைதான். யாரிடமும் சொல்லவில்லை.

சவூதியில், தமாமில் லேத் பட்டறையில் இருந்துவிட்டு வந்து, இலஞ்சி ரோட்டில் கத்திப் பட்டறை போட்டவன் மசூது. அரிவாளுக்கு லாரி ஸ்பிரிங் பட்டை எடுப்பான். அது அடி தாங்கும், வளையும், லேசில் உடையாது. வேட்டைக் கத்திக்குக் கூர் நின்று பேச வேண்டும். அதற்குப் பேரிங் வளையம்தான். பிரானூர் பழைய இரும்புக் கடையில் பெரிய வளையமாகப் பொறுக்கி, அறுத்து, நிமிர்த்தி, இசக்கிதுரைக்காக இரண்டு கத்தி அடித்திருந்தான். அந்த எஃகுக்கு ஒரு குணம் உண்டு. செக்கச்செவேலென்று காய்ந்ததை வெதுவெதுப்பான எண்ணெயில்தான் தோய்க்க வேண்டும். தண்ணீரில் போட்டால் அந்தத் திடீர்க் குளிர்ச்சி தாங்காமல் உள்ளே கீறல் விட்டு விண்டுபோகும்.

தோய்க்கிற அன்றைக்கு இசக்கிதுரை ஒரு பெரிய கேனோடு வந்து இறங்கினார்.

"ஐந்தருவித் தண்ணிலே. நானே பிடிச்சேன். மேல அம்புட்டும் மூலிகை. மனுச ஒடம்பையே முறுக்கேத்துது, இரும்ப ஏத்தாதா?"

"அண்ணாச்சி, இது எண்ணெயில தோய்க்கிற இரும்பு..."

"எண்ணெயில வடையச் சுடு. எங்க அப்பா அரிவாளெல்லாம் இந்தத் தண்ணி குடிச்சதுதான்."

அரிவாள் இரும்பு தாங்கியிருக்கும். அதை அவர் மீசைக்கு நேரே நின்று சொல்ல மசூதுக்கு வாய் வரவில்லை. கேனை வாளியில் கவிழ்த்தான். ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு கத்தியையும் இறக்கினான். எழும்பிய ஆவிக்குள்ளிருந்து 'டிக்' என்றது. நகம் ஒடிகிற அளவு சத்தம். இசக்கிதுரைக்குக் கேட்கவில்லை. இரண்டும் ஒரே வாளியில் கிடந்ததால் எது என்று மசூதுக்கும் தெரியவில்லை.

பாலீஷ் போட்டபின் இரண்டும் கண்ணாடிபோல் ஒன்றாகவே மின்னின. பிடி போடுமுன் நூலில் தொங்கவிட்டுத் தட்டியிருந்தால், விண்டது சத்தத்திலேயே காட்டிக்கொடுத்திருக்கும். தெரிந்துவிட்டால் அவரிடம் போய்ச் சொல்ல வேண்டுமே. அதனாலேயே தட்டவில்லை. நாளைக்குப் பார்ப்போம், நாளைக்குப் பார்ப்போம் என்று துணியைச் சுற்றி வைத்திருந்தான்.

போன் போட்டான். எடுக்கவில்லை. பைக்கை எடுத்தான். செங்கோட்டை தாண்டியதும் சாரல் முகத்தில் ஊசியாய் இறங்கியது. கத்தி இறங்கியதும் பன்றி ஒரு திருகு திருகும். அந்தத் திருகலில் கையில் வெறும் பிடி மட்டும் நிற்கும். அப்புறம் பன்றியின் தேற்றைப்பல் தொடையில். இதையேதான் மனசு வழியெல்லாம் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தது.

புளியரைச் செக்போஸ்டுக்கு முந்திய டீக்கடையில் ஜீப் நின்றது.

"என்னலே, நீயும் பன்னி வேட்டைக்கா? ஒனக்கு ஆகாதே," என்றார் இசக்கிதுரை. கூட நின்றவர்கள் சிரித்தார்கள்.

"கத்தியத் தாங்க அண்ணாச்சி. ஒண்ணு விண்டிருக்கு."

"எது?"

"தெரியல."

"எப்ப விண்டுது?"

"நீங்க தண்ணி கொண்டாந்த அன்னைக்கு."

இசக்கிதுரை டீயை வைத்துவிட்டு, இடுப்புக் கத்தியை உருவி நீட்டினார். மசூது அதன் நுனியை ஜீப் பம்பர் இடுக்கில் செருகி, முகத்தைத் திருப்பிக்கொண்டு, அழுத்தினான். கத்தி லேசாக வளைந்தது. விட்டதும் நேரே நின்றது. மறுபக்கம் அழுத்தினான். அதுவும் அப்படியே.

"பாத்தியா. அருவித் தண்ணின்னா சும்மாவா," என்று இசக்கிதுரை அவன் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார்.

மசூது கத்தியைப் பம்பர் இடுக்கிலிருந்து உருவினான். இது நல்ல கத்தி. அப்படியானால் விண்டது மற்றது.

"அண்ணாச்சி, மத்தது எங்க?"

முதுகில் இருந்த கை அப்படியே நின்றது.

"ஏசுவடியான்ட்ட," என்றார். "நாயளக் கூட்டிட்டு முன்னால போயிட்டான்."

நாய்கள் பன்றியை மடக்கினால், துப்பாக்கிக்காரர் வந்து சேருமுன் முதலில் கிட்டே போகிறவர் ஏசுவடியான்தான். அது எல்லாருக்கும் தெரியும். யாரும் மிச்ச டீயைக் குடிக்கவில்லை.

மசூதையும் ஏற்றிக்கொண்டு ஜீப் எஸ் வளைவுகளில் ஏறியது. இசக்கிதுரை ஒரு கையால் ஓட்டிக்கொண்டே மறுகையால் போன் போட்டார். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது.

"எண்ணெய்ன்னு நீ இன்னொரு தடவ சொல்லிருக்கலாம்லா."

"சொன்னா கேட்டிருப்பியளா?"

அவர் மறுபடியும் போன் போட்டார்.

தோட்டத்து முடுக்கில் திரும்பும்போதே நாய்ச்சத்தம் கேட்டது. ஓடிக்கொண்டு குரைக்கிற சத்தம் இல்லை. ஒரே இடத்தில் நின்று, விடாமல் குரைத்தன. மடக்கிவிட்டன. இசக்கிதுரை ஹாரனில் கையை வைத்தார், எடுக்கவே இல்லை. ரப்பர் மரங்களுக்குள் அது அலறிக்கொண்டே போனது. புதர் முறிந்தது. குரைப்பு சிதறியது. அப்புறம் ஒன்றுமே கேட்கவில்லை.

மசூது வாய்க்குள் ஓதிக்கொண்டிருந்தான்.

"யாருவே அது?" என்று மேட்டிலிருந்து ஒரு குரல் இறங்கி வந்தது. "கல்யாண வீட்டுக்கா வாரிய? பக்கத்துல போயிட்டேன், இன்னும் ரெண்டு எட்டு. வெரட்டிவிட்டுட்டியளே."

ஏசுவடியான் சரிவில் இறங்கி வந்தார். கத்தி உருவியபடியே கையில் இருந்தது. மசூது ஓடிப்போய் அதை வாங்கினான். பம்பர் தேவைப்படவில்லை. இரண்டு கையாலும் பிடித்து லேசாக அழுத்தினான்.

'டிக்'.

அதே சத்தம். கத்தி இரண்டாக ஒடிந்த இடத்தில் முக்கால்வாசி, வாளியில் விண்ட அன்றே கறுத்துப் பழசாயிருந்தது. நகக்கண் அளவுதான் புதிதாய் மின்னியது.

இசக்கிதுரை ஜீப்பை விட்டு இறங்கவில்லை. ஏசுவடியான் மசூதின் கையிலிருந்த துண்டுகளைப் பார்த்தார். பிறகு தன் வலக்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றார்.