மஞ்சளா, வெள்ளையா

"பல்பையெல்லாம் நான் வந்து மாத்தறேன். நீ ஸ்டூல்ல ஏறி இடுப்ப ஒடச்சிக்காத." புருஷன் வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பியபோது சொன்ன சொல் இது. கரண்ட் பில் எகிறியும் தையல்காரி பழைய குண்டு பல்புகளைத் தொடாமல் இருந்ததற்கு வேறு காரணம் கிடையாது. அவன் வந்து கழற்ற வேண்டும், அவ்வளவுதான்.

நேற்று போனில் பேச்சோடு பேச்சாக, "எதுக்கு கரண்ட வீணடிக்கற? எல்.இ.டி. வாங்கி நீயே மாட்டிடேன்" என்றான்.

அவளுக்குச் சுருக்கென்றது. "அப்ப நீங்க வரல?"

"இன்னும் ஒரு வருஷம் இருக்கச் சொல்றாங்கம்மா."

நேராகச் சொல்ல வாய் வராமல், ஆள் பல்பைப் பிடித்துக்கொண்டு சுற்றி வளைத்திருக்கிறான்.

இன்று கடைக்காரர் இரண்டு பல்புகளை எரியவிட்டுக் காட்டினார். "ரெண்டும் ஒன்பது வாட்டுதான்க்கா. மஞ்சள் கண்ணுக்கு இதமா இருக்கும். வெள்ளை வேலைக்கு நல்லது."

அவள் பையிலிருந்து இரண்டு நூற்கண்டுகளை எடுத்து விளக்கடியில் பிடித்தாள்.

"பல்பு வாங்க நூலோட வந்த மொத ஆளு நீங்கதான்" என்று அவர் சிரித்தார்.

சூடு கண்டவளுக்குத்தானே தெரியும். மஞ்சளில் இரண்டுமே கறுப்பாகத் தெரிந்தன. வெள்ளையில் ஒன்று கறுப்பு, மற்றது கருநீலம். அவன் கிளம்புவதற்கு முந்தின நாள் குண்டு பல்பின் கீழே அவசர அவசரமாக ஒரு கறுப்புச் சட்டை தைத்தாள். விடிந்து பார்த்தால் காலர், பை, பட்டன் ஓட்டை எல்லாம் நீலத் தையல். ஊருக்கெல்லாம் தைக்கிறவள் வீட்டுக்காரனுக்குத் தைத்த லட்சணம்! பிரிக்க நேரமில்லை. அவனும் அதையே மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

வெள்ளையையே வாங்கினாள். ஸ்டூலில் அவளே ஏறினாள், இடுப்பு ஒன்றும் ஒடியவில்லை. அதுவே அவளுக்கு அழுகையாக வந்தது.

சாயங்காலம் அவன் கூப்பிட்டான்.

"மாட்டியாச்சு. இனிமே நூல் மாறாது. அந்தச் சட்டையத் தூக்கிப் போடுங்க, ஒழுங்கா ஒண்ணு தச்சு அனுப்பறேன்."

"அடிப்பாவி, கெடுத்துடாத! இங்க எல்லாருக்கும் கறுப்புச் சட்டைதான், எல்லாம் ஒரே கயித்துல காயுது. நீலத் தையலத் தேடித்தான் என்னோடத எடுக்கறேன்." பிறகு குரல் இறங்கியது. "சில நாள் எடுத்துட்டு, அங்கயே கொஞ்ச நேரம் நின்னுடுவேன்."

இந்த ஆள் இப்போதே, இந்த நிமிஷமே, இந்த அறையில் இருக்க வேண்டும் என்று அவள் உடம்பெல்லாம் ஏங்கியது. "காலர் நைஞ்சிருக்குமே" என்று மட்டும் கேட்டாள்.

"ஆமா, நைஞ்சுதான் போச்சு."

போனை வைத்துவிட்டுக் கறுப்புத் துணியை வெட்டினாள். புது வெளிச்சத்தில் இரண்டு நூலும் பளிச்சென்று வேறுவேறாகத் தெரிந்தன, தவறவே வழியில்லை. நீலத்தை எடுத்து ஊசியில் கோத்தாள்.