ஐந்து ஆம்பியர் பியூஸ்

மாலை ஏழு மணிக்குத் தோட்டத்து மின்சார எஞ்சின் ஓடத் தொடங்கியது. லயத்து வரிசை வீடுகளில் விளக்குகள் எரிந்தன.

லியோனார்ட் அன்றுதான் அலோர் ஸ்டாரிலிருந்து வந்திருந்தான். மின்சாரப் படிப்பில் ஒரு வருடம் முடிந்திருந்தது. மறுநாள் மாதா கோயில் பூசைக்குப் போடும் வெள்ளைச் சட்டையை மேசையில் விரித்தான். அம்மா வீட்டில் இல்லை. பக்கத்து வீட்டுப் பிரேமாவதியைப் பெண் பார்க்க குருண் டவுனிலிருந்து வந்திருந்தார்கள். பெண்ணின் தாய் பிச்சையம்மாளுக்கு ஒத்தாசையாக அம்மா அங்கே போயிருந்தாள்.

இரண்டு வீட்டுக்கும் நடுவில் பலகைச் சுவர். இரண்டுக்கும் ஒரே பியூஸ். இஸ்திரிப் பெட்டியைச் செருகும் முன் சுவரைத் தட்ட வேண்டும். அந்தப் பக்கம் பெரிதாக எதுவும் ஓடவில்லை என்றால் திருப்பித் தட்டுவார்கள். இல்லாவிட்டால் காத்திருக்க வேண்டும்.

அப்பா இஞ்ஞாசிமுத்து தட்டுவதற்குக் கையை உயர்த்தினார்.

"வேணாம்பா."

"தட்டாம எப்படிடா?"

"டவுன் ஆளுங்க உக்காந்திருக்காங்க. நாம சுவத்தத் தட்டிக்கிட்டிருந்தா சிரிப்பாங்கப்பா. அசிங்கம். இருங்க, கணக்குப் போட்டுச் சொல்றேன்."

பெட்டியின் தகட்டில் 240 வோல்ட், 4 ஆம்பியர் என்று இருந்தது.

"ரெண்டையும் பெருக்கினா வாட்ஸ். தொள்ளாயிரத்து அறுவது. வோல்ட்ட ஆம்பியரால வகுத்தா ரெசிஸ்டன்ஸ். அறுவது ஓம்."

"ஓமா? அது பிச்சையம்மா வீட்டு சாமியாச்சேடா."

"கேளுங்கப்பா. ரெண்டு வீட்டுக்கும் நாலு லைட்டு, நூத்தி அறுவது. மொத்தம் ஆயிரத்து நூத்தி இருவது. பியூஸ் அஞ்சு ஆம்பியர். ஆயிரத்து எரநூறு தாங்கும். இன்னும் எம்பது மிச்சம்."

அப்பாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் முகம் மலர்ந்திருந்தது. கையை இறக்கினார்.

"செருகு."

லியோனார்ட் காலரைத் தேய்த்தான். சுவருக்கு அப்பால் ஒரு பெண் குரல், "பொண்ண வரச் சொல்லுங்க" என்றது. வளையல் சத்தம் கேட்டது.

இரண்டு வீடுகளும் இருண்டன.

"எஞ்சின் நின்னுருச்சா?" இது ஓர் ஆண்.

"எதிர் லயத்துல எரியுதே."

"பொண்ணு காலெடுத்து வெக்கிறப்பவா அணையணும்? மனசுக்குச் சரியாப் படல. எந்திரிங்க."

"மெழுகுவத்தி கொண்டாறேன், உக்காருங்கம்மா. ஒரு வாய் டீயாவது." பிச்சையம்மாள் கெஞ்சினாள்.

அம்மாவின் குரல் தாழ்ந்து வந்தது. "ஆபீஸ் கிராணி வீட்டுல எரவல் வாங்கின கரண்டு கெட்டில்லதான் தண்ணி வெச்சிருந்தேன். கொதிக்கிறதுக்குள்ள..."

கெட்டில். ஆயிரம் வாட்ஸாவது இருக்கும். அதை அவன் கூட்டவில்லை.

கார் கதவுகள் சாத்தப்பட்டன. சத்தம் செம்மண் சாலையில் தேய்ந்து மறைந்தது. பிறகு வளையல்களைக் கழற்றி ஒவ்வொன்றாகப் பலகைமேல் வைப்பது கேட்டது.

லியோனார்ட் இஸ்திரிப் பெட்டியைக் கையிலேயே பிடித்திருந்தான். அதன் சூடு முகத்தில் அடித்தது. கீழே வைத்தால் சத்தம் கேட்கும்.

அந்தப் பக்கத்திலிருந்து சுவரைத் தட்டினார்கள்.

"லியோனார்ட் தம்பி," என்றாள் பிச்சையம்மாள். "நீ இஸ்திரி போட்டியா?"