ஆறாவது பிரிவு நடைமுறைக்கு வந்த மதியம்

செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று பதினேழுக்கு மாநாட்டுக் கட்டடத்தின் நாற்பத்திரண்டு பூட்டுகளும் ஒரே நேரத்தில் கழன்று தரையில் விழுந்தன. அந்தச் சத்தத்தில் மூன்றாம் மாடியில் ஒரு கண்ணாடி ஜாடி உடைந்தது. ஐம்பத்திமூன்று பிரதிநிதிகளில் பதினொரு பேர் மேஜைக்கு அடியில் போய் உட்கார்ந்தார்கள். அதில் ஒருவர், கீழே விழுந்த பேனாவைத் தேடியதாகப் பிற்பாடு சொன்னார். பூட்டுக்காரர் வரவழைக்கப்பட்டார். ஒவ்வொரு பூட்டாக எடுத்துத் தட்டிப் பார்த்துவிட்டு, “பூட்டு நல்லாத்தான் இருக்கு. கதவுதான் பூட்டிக்க மாட்டேங்குது” என்று சொல்லிப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அன்று காலை பதினொன்று பதினேழுக்குத்தான் உலக மக்கள் உரிமைச் சாசனத்தின் முதல் பிரிவு கையெழுத்தாகியிருந்தது. யாரையும் காரணம் சொல்லாமல் பூட்டி வைக்கக் கூடாது என்பது அந்தப் பிரிவு.

இரண்டும் ஒன்றோடொன்று சம்பந்தப்பட்டவை என்று பிரதிநிதிகளுக்கு உறைக்க இரண்டு வாரம் பிடித்தது. பேச்சுரிமைப் பிரிவு கையெழுத்தானதும் யார் எந்த மொழியில் பேசினாலும் எல்லோருக்கும் புரிந்தது; வெளிநாட்டிலிருந்து வரவழைத்திருந்த ஒன்பது மொழிபெயர்ப்பாளர்களும் வேலையிழந்தார்கள். வேலை உரிமைப் பிரிவு வந்ததும் அந்த ஒன்பது பேருக்கும் வேலை திரும்பக் கிடைத்தது. நாள் முழுக்கச் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். ஓய்வு உரிமைப் பிரிவுக்குப் பிறகு மாலை ஐந்து மணிக்குமேல் எந்த நாற்காலியும் யாரையும் உட்கார விடவில்லை, மெல்ல முன்பக்கம் சாய்ந்து எழுப்பிவிட்டது. வாக்கெடுப்பு முடிந்ததும் எதுவும் நடப்பதில்லை என்பதையும் கவனித்தார்கள். அவைக்குறிப்பைச் சுருக்கெழுத்தில் எடுத்தவள் அதைச் சாதாரண எழுத்தில் பெயர்த்து, சரியென்று கீழே கையெழுத்துப் போடும் அந்த நொடியில்தான் பிரிவு உயிர் பெற்றது. அதுவும் இந்தக் கட்டடத்துக்குள் மட்டும். முப்பது பிரிவும் முடிந்து புத்தகமாகும் நாளில் வெளியேயும் நடக்கும் என்று எல்லோரும் தாமாகவே எடுத்துக்கொண்டார்கள்.

கையெழுத்துப் போடுகிறவளை எல்லோரும் பென்சில் அம்மா என்றார்கள். கொண்டையில் இரண்டு, காதில் ஒன்று, கையில் ஒன்று என்று எப்போதும் நான்கு பென்சில்கள் அவளிடம் இருக்கும். அவள் பிறந்த ஊரை ஒட்டியிருந்த எல்லைக்கோடு இரண்டு முறை இடம் மாறியது. வீடு இருந்த இடத்திலேயேதான் இருந்தது. ஆனால் இந்தப் பக்கத்துக்காரர்கள் அவளை அந்தப் பக்கத்தவள் என்றார்கள், அந்தப் பக்கத்துக்காரர்கள் இந்தப் பக்கத்தவள் என்றார்கள். பதினெட்டு வருடமாக அவளிடம் இருந்தது தொண்ணூறு நாளுக்கு ஒருமுறை முத்திரை குத்த வேண்டிய ஒரு ரோஸ் நிறச் சீட்டு. அதில் பெயர் இருக்காது, ‘இதை வைத்திருப்பவர்’ என்று மட்டும் இருக்கும். மகளுக்கும் அதே சீட்டுதான். மகள் நர்ஸ் படிப்பில் அந்த ஆண்டின் முதல் மாணவி. சான்றிதழுக்கு விண்ணப்பித்தபோது பதிவு அலுவலகம், ‘இப்படி ஒரு நபர் இல்லை’ என்று ஒரு வரிக் கடிதம் அனுப்பியது. கடிதத்தில் கையெழுத்துப் போட்ட அலுவலருக்கு அதற்கு முந்தைய வாரம் ஊசி போட்டவளே மகள்தான். மாதக் கடைசிக்குள் சான்றிதழைக் காட்டாவிட்டால் மருத்துவமனையில் அவளுக்கென்று வைத்திருந்த வேலை வேறொருத்திக்குப் போய்விடும். அந்தக் கடிதத்தைப் பென்சில் அம்மா கைப்பையில் வைத்துக்கொண்டு தினம் வேலைக்கு வந்தாள். ஆறாவது பிரிவுக்காகக் காத்திருந்தாள்.

எந்த மனிதரும் எந்த இடத்திலும் சட்டத்தின் முன் ஓர் ஆளாக மதிக்கப்படுவார் என்று அந்தப் பிரிவு ஒரே வரியில் இருந்தது. பத்து நிமிடத்தில் முடிந்துவிடும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அது நான்கு நாள் இழுத்தது. எந்த வெயிலிலும் கறுப்புக் கோட்டைக் கழற்றாத வக்கீல் ஒருவர் எழுந்து ஒரு திருத்தம் கொண்டுவந்தார். கெட்ட மனிதர் இல்லை. கணக்காகப் பேசுவார், குரலை உயர்த்த மாட்டார், அதனாலேயே அவர் பேச்சு எடுபட்டது. “எல்லாருக்கும்னு எழுதினா யாருக்கும் இல்லேன்னுதான் அர்த்தம். பந்திக்கு யார் வேணா வாங்கன்னு சொல்லிட்டா எத்தனை தட்டு வைக்கிறதுன்னு சமையல்காரனுக்கு எப்படித் தெரியும்? தன் பட்டியல்ல இருக்கறவங்களுக்குத்தான் ஒரு நாடு பொறுப்பெடுத்துக்க முடியும்” என்றார். முப்பது வருடம் பள்ளியில் பாடம் எடுத்த பிரதிநிதி ஒருவர் எதிர் வரிசையிலிருந்து எழுந்தார். “ஐயா, வருகைப் பதிவுல பேர் ஏறாத பிள்ளையும் பெஞ்சுலதான் உக்காந்திருக்கும். பேர் இல்லாததால பிள்ளையே இல்லேன்னு சொல்ற வாத்தியாரை எங்க ஊர்ல கண் டாக்டர்கிட்ட அனுப்புவோம்” என்றார். அவை சிரித்தது, கைதட்டியது, வாக்கை மட்டும் கோட்டுக்காரருக்குப் போட்டது. தலைவரின் வாக்கு நீங்கலாக, திருத்தம் இருபத்தேழுக்கு இருபத்தைந்து என்று நிறைவேறியது. ஒரு நாட்டின் குடிமக்கள் மட்டுமே அந்த நாட்டில் சட்டத்தின் முன் ஆட்களாக மதிக்கப்படுவார்கள் என்று ஆனது ஆறாவது பிரிவு. பென்சில் அம்மா அதை ஒரு எழுத்துக்கூட நடுங்காமல் எழுதிக்கொண்டாள். கடைசிப் புள்ளி மட்டும் தாளைத் துளைத்து அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டது.

பெயர்த்தெழுதும் அறைக்கு அவள் போனதும், மாநாட்டின் டீக்கார அக்கா பின்னாலேயே வந்து கதவைச் சாத்தினாள். சாத்தத்தான் முடிந்தது, பூட்ட முடியவில்லை.

“ஏண்டி, நீ எழுதறது கோழி கிளறின மாதிரி இருக்கு. உன்னைத் தவிர அதை எவனுக்குப் படிக்கத் தெரியும்? குடிமக்கள்ங்கிற இடத்துல மனிதர்கள்னு போட்டுட்டுப் போயேன்.”

“சொல்லாத வார்த்தையை நான் எழுதினதே இல்லக்கா. இன்னிக்கு நல்லதுக்கு நான் மாத்தினா, நாளைக்கு வேற ஒருத்தி கெட்டதுக்கு மாத்துவா.”

“பெரிய நியாயஸ்தி! அப்ப உன் பொண்ணு?”

பென்சில் அம்மா கண்ணாடி ஜன்னல் பக்கம் திரும்பினாள். கண்ணாடிக்கு வெளியே வாசல் மேஜை தெரிந்தது. அதன்மேல் விரித்திருந்த தடித்த பதிவேட்டில் ஐம்பத்திமூன்று பிரதிநிதிகளும் தினம் காலையில் வரிசையாக நின்று, ஊர், பெயர், தங்கும் நாட்கள் என்று நிரப்பிவிட்டு உள்ளே வருவார்கள். அட்டையில் ‘வெளிநாட்டார் வருகைப் புத்தகம்’ என்று கொட்டை எழுத்தில் இருந்தது. மாநாடு நடக்கும் இந்த நாட்டுக்கு அவையில் இடமே இல்லை. கட்டடம் கொடுத்ததே போதும் என்று பிரதிநிதி அனுப்பாமல் விட்டிருந்தார்கள். அவள் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான்கு நாளில் முதல்முறையாகச் சிரித்தாள்.

“அக்கா, நீங்க இந்த ஊர்தானே?”

“ஏழு தலைமுறையா. அதுக்கென்ன இப்ப?”

“வாட்ச்மேன் அண்ணன்?”

“அவனும்தான். எங்க தெரு.”

“இந்தக் கட்டடத்துல வேற யாரெல்லாம் இந்த ஊர்க்காரங்க?”

அக்கா விரல் விட்டு எண்ண ஆரம்பித்தாள். இரண்டாவது விரலோடு நின்றுவிட்டாள். வாயைப் பொத்திக்கொண்டாள். “ஐயோ, இந்தப் புத்திசாலிங்க ஒருத்தருக்குக்கூடவா தோணல?”

“எல்லாரும் அவங்கவங்க ஊர்ல இருக்கறதாவே நினைச்சுட்டுப் பேசறாங்கக்கா. லைட் அணைஞ்சா பயப்படாதீங்க. என் நோட்டை மட்டும் பாருங்க.”

மூன்று ஐந்துக்கு அவள் அவைக்குள் போய், சொன்னதைச் சொன்னபடியே எழுதிய தாளின் கீழே கையெழுத்துப் போட்டாள்.

சத்தம் எதுவும் வரவில்லை. வாசலில் நின்ற வாட்ச்மேன் உள்ளே எட்டிப் பார்த்தார். ஐம்பத்திமூன்று நாற்காலிகளும் காலியாகத் தெரிந்தன. “சொல்லாமக் கொள்ளாமப் போயிட்டாங்க பாரு” என்று முணுமுணுத்துக்கொண்டு விளக்குகளையும் மின்விசிறிகளையும் அணைத்தார். திரை போட்ட அவை கிணறு மாதிரி இருண்டது, வாசல் வெளிச்சம் மட்டும் மிஞ்சியது. பிரதிநிதிகள் எல்லோரும் இருந்த இடத்தில்தான் இருந்தார்கள். ஒருவரையொருவர் பார்க்கவும் முடிந்தது. தலைவர் மணியை அடித்தார், அது பஞ்சை அடித்த மாதிரி கிடந்தது. வருகையைக் காட்டும் பலகை சைபர் காட்டியது. கோட்டுக்காரர் வாட்ச்மேனின் எதிரில் போய் நின்று, வாழ்க்கையில் முதல்முறையாகக் குரலை உயர்த்தி, தான் யார் தெரியுமா என்று கேட்டார். வாட்ச்மேன் தன் தொப்பியைக் கழற்றி, நீட்டியிருந்த அவருடைய கையில் மாட்டிவிட்டு வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

இதை மாற்ற ஒரே ஒரு வழிதான் இருந்தது. கையெழுத்தான பிரிவைத் திருத்த வேண்டுமானால் அவையில் இருக்கும் ஆட்கள் அனைவரும் ஒருமனதாகக் கை தூக்க வேண்டும் என்று தலைவர் முதல் நாளே விதி செய்திருந்தார். யாரும் எதையும் மாற்றிவிடக் கூடாது என்பதற்காகச் செய்த விதி அது. இப்போது பிரதிநிதிகளில் ஆட்கள் என்று யாருமே இல்லை; இருந்த ஆட்கள் வாட்ச்மேனும் டீக்கார அக்காவும்தான். ஐம்பத்திமூன்று பேரும் ஐம்பத்திமூன்று விதமாகக் கத்தினார்கள். பென்சில் அம்மா மட்டும் கத்தவில்லை. அவளுக்கு இது பழகிப்போனது என்று எல்லோருக்கும் தோன்றியது. ஒவ்வொருவராக வாயை மூடிக்கொண்டு அவள் பின்னால் வந்து வரிசையாக நின்றார்கள். அவள் பெரிய எழுத்தில் நான்கு வரி எழுதினாள். அக்கா டீத் தட்டோடு உள்ளே வந்ததும் நோட்டைத் தட்டில் வைத்தாள். எழுதுகிற ஆளைத்தான் தெரியவில்லை, எழுத்து தெரிந்தது.

அக்கா வாய்விட்டுப் படித்தாள். படித்துவிட்டு, “கை தூக்குடா, எல்லாரும் இங்கதான் நிக்கிறாங்களாம். பிரிவை மாத்தணுமாம்” என்று தன் கையைத் தூக்கினாள்.

வாட்ச்மேன் தூக்கவில்லை. நிதானமாக நடந்து போய்த் தலைவரின் நாற்காலியில் உட்கார்ந்தார்.

“ரெண்டு மாசமா இந்த வாசல்ல நிக்கிறேங்க்கா. உள்ள போறப்பவும் வெளிய வர்றப்பவும் ஒருத்தராவது என் மூஞ்சியைப் பாத்திருக்காங்களா? அவங்களும் ஒரு வாரம் இப்படி இருக்கட்டுமே. என்ன கெட்டுப்போகுது?”

கோட்டுக்காரரின் முகம் வெளிறியது. மனிதர் சொன்னது நியாயம் என்று அக்காவுக்கும் பட்டது. தூக்கிய கை மெல்ல இறங்க ஆரம்பித்தது. அப்போதுதான் தட்டில் இருந்த நோட்டில் இன்னொரு வரி எழுந்து வருவதை இருவரும் பார்த்தார்கள். ‘அண்ணே, அவங்க ஒரு வாரம் தாங்குவாங்க. என் மகளுக்கு மாசக் கடைசி வரைக்கும்தான் டைம்.’

வாட்ச்மேன் அதை இரண்டு தடவை படித்தார். “பென்சில் அம்மாவும் இதுல மாட்டிக்கிச்சா?” என்றார். அடுத்த வரி வந்தது: ‘நான் இதுல மாட்டிப் பதினெட்டு வருஷம் ஆச்சு.’

அவர் எழுந்து நின்று இரண்டு கையையும் தூக்கினார். ஒரு கை போதும் என்று அக்கா சொன்னாள். இருக்கட்டும் என்றார்.

பழைய வரி அப்படியே திரும்ப வந்தது, எந்த மனிதரும் எந்த இடத்திலும். பென்சில் அம்மா கையெழுத்துப் போட்டபோது மணி நான்கு பத்து. வாட்ச்மேன் விளக்குகளையும் விசிறிகளையும் போட்டார். ஐம்பத்திமூன்று பேரும் அவரைப் பார்த்து ஒரே நேரத்தில் வணக்கம் சொன்னதில் பாவம் மனிதர் திடுக்கிட்டுப் போனார். கோட்டுக்காரர் தொப்பியை இரண்டு கைகளாலும் திருப்பிக் கொடுத்தார். பென்சில் அம்மா கைப்பையைத் திறந்து பார்த்தாள். கடிதம் அதே தாளில், அதே அலுவலரின் கையெழுத்தோடு, ‘இப்படி ஒரு நபர் இருக்கிறார்’ என்று இருந்தது. கட்டடத்தை விட்டு வெளியே கொண்டுபோன பிறகும் அது மாறவில்லை. மறுநாள் பதிவு அலுவலகத்தில் அந்த அலுவலர் கடிதத்தைப் படித்தார், இருக்கிறார் என்றுதானே போட்டிருக்கிறது என்று சான்றிதழில் முத்திரை குத்திக் கொடுத்துவிட்டு, ஊசி போட்ட இடம் இன்னும் வலிப்பதாக மகளிடம் சொன்னார்.

மற்ற இருபத்திநான்கு பிரிவுகளுக்கு இரண்டு வருடம் ஆனது. அதற்குப் பிறகு எந்தத் திருத்தம் வந்தாலும் பிரதிநிதிகள் முதலில் தங்களைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள். அதிகத் திருத்தங்களைத் தோற்கடித்தவர் கோட்டுக்காரர். புத்தகம் அச்சாகி வந்த அன்று பல ஊர்களில் பல பூட்டுகள் விழுந்தன. பத்திரிகைகள் அதை வானிலைச் செய்திக்குப் பக்கத்தில் போட்டன. மகள் அப்போது தலைமை நர்ஸ் ஆகியிருந்தாள். கடைசி நாள் மதியம் அவை காலியானதும் கோட்டுக்காரர் பென்சில் அம்மாவின் மேஜைக்கு வந்தார். கோட்டைக் கழற்றிக் கையில் போட்டிருந்தார்.

“அன்னிக்கு ஒரு மணி நேரம்தான்மா அப்படி இருந்தேன். இப்பவும் நினைச்சா உடம்பு ஆடுது. பதினெட்டு வருஷம் நீங்க எப்படித்தான் பழகிக்கிட்டீங்களோ!”

அவள் கொண்டையிலிருந்த பென்சில்களை ஒவ்வொன்றாக உருவி மேஜைமேல் வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

“பழகிக்கிட்டேன்னு யாருங்க சொன்னது?”