கப்டன் எபனேசருக்கு எள்ளும் தண்ணீரும்

பூட்டனின் பெயர் தனக்குத் தெரியாது என்பது சிறிதரனுக்குக் கடற்கரையில் வைத்துத்தான் தெரியவந்தது. அதுவரை அவன் தன்னை ஒரு பொறுப்பான மகன் என்றே நினைத்திருந்தான்.

பாலங்கள் ஏன் விழுகின்றன என்று மெல்பேர்ணில், கிளேட்டன் பல்கலைக்கழக வளாகத்தில் ஆராய்ந்துகொண்டிருந்தவன் அவன். சென்ற ஆண்டு பங்குனியில் ஊரில், கொக்குவிலில், அப்பா இறந்தபோது, தந்தி கைக்கு வருவதற்குள் சாம்பலே ஆறிவிட்டிருந்தது. கொள்ளி வைத்தவர் சித்தப்பா. ஆகவே இந்த 1974 ஆடி அமாவாசைக்காவது அப்பாவுக்குத் தன் கையால் எள்ளும் தண்ணீரும் கொடுத்துவிட வேண்டும் என்று தீர்மானித்திருந்தான். கீரிமலைத் தீர்த்தத்துக்குப் பதிலாகத் தென்சமுத்திரம். குருக்களுக்குப் பதிலாக வெங்கட்ராமன்.

வெங்கட்ராமன் கும்பகோணத்துக்காரன். இரசாயன ஆய்வு மாணவன். மந்திரத்தில் பாதி தெரியும், மீதியை வேகத்தால் சமாளிப்பான். எல்லாவற்றுக்கும் மேலாக, அவனிடம் ஒரு பழைய ஹோல்டன் கார் இருந்தது.

மூன்றரை மணி நேரம் ஓட்டி, ஆளரவமே இல்லாத ஒரு குடாவைக் கண்டுபிடித்தார்கள். மேட்டில் ஒரு நினைவுக்கல் நின்றது. 1868இல் லண்டனிலிருந்து வந்த பாய்க்கப்பல் ஒன்று, மெல்பேர்ண் இன்னும் ஒரு நாள் தூரம் என்றிருக்கையில், பனிமூட்டத்தில் எதிரே தெரியாத பாறையில் ஏறியிருக்கிறது. கப்டன் எபனேசர் பிளெட்சரும் முப்பத்தியொரு பேரும். ஒருவர்கூடக் கரையொதுங்கவில்லை. கல்லுக்குக் கீழே வெறும் மண்தான்.

ஜூலைக் கடலில் முழங்கால்வரை இறங்கி நின்றார்கள்.

"கோத்திரம்?"

"சிவ கோத்திரம்."

"அப்பா பேரு?"

"இரத்தினசிங்கம்."

"தாத்தா?"

"அருணாசலம்."

"கொள்ளுத்தாத்தா?"

சிறிதரன் கடலைப் பார்த்தான். கடலுக்கும் தெரியவில்லை.

"பூட்டன்ரை பேர் தெரியாதடாப்பா."

"மூணு தலைமுறை சொல்லணும்டா. முக்காலிக்கு ரெண்டு கால் வெச்சா நிக்குமா?"

"நீயே ஏதாவது ஒண்டைப் போட்டுவிடன்."

"நான் போடக்கூடாது. பிள்ளை நீதான் சொல்லணும். சீக்கிரம் சொல்லு, எனக்குக் கால் இருக்கான்னே தெரியல."

சிறிதரனின் கண் மேட்டுக்குப் போனது.

"எபனேசர்," என்றான்.

வெங்கட்ராமன் மூச்சுவிடாமல் அந்தப் பெயரைச் சமஸ்கிருதத்துக்குள் சொருகி, மூன்று முறை தண்ணீர் விடச் சொன்னான். எள் விழுந்ததும் அலை பின்வாங்கியது. பிறகு வரவில்லை. அலைகளுக்கு யோசிக்கும் பழக்கம் கிடையாது, இது யோசித்தது. இருவரும் ஈர மணலில் அரை நிமிடம் சும்மா நின்ற பிறகுதான் திரும்பி வந்தது, மெதுவாக, முழங்காலைத் தடவிப் பார்ப்பதுபோல.

காகத்துக்கு வைத்த சோற்றை எந்தக் காகமும் தொடவில்லை.

"இந்த ஊர்க் காக்காய்க்குச் சோறு ஒத்துக்காது போல," என்றான் வெங்கட்ராமன்.

மூன்று வாரத்தில் அம்மாவின் கடிதம் வந்தது. திதி நன்றாக நடந்தது என்பதைத் தவிர அவன் அம்மாவுக்கு எதுவும் எழுதியிருக்கவில்லை.

"தம்பி, அப்பாவைக் கனவிலை கண்டனான். வேட்டி தெப்பமா நனைஞ்சு நிக்கிறார். இன்னும் சாப்பிடேல்லையோ எண்டு கேட்டன். 'எனக்கு முன்னாலை முப்பத்திரண்டு பேர் நிக்கினம், எல்லாரும் சப்பாத்துப் போட்டிருக்கினம். முதல் ஆளாய் நிக்கிற வெள்ளைக்காரன், தான்தான் எங்கடை பரம்பரைக்கு மூத்தவன் எண்டு சொல்லுறான்' எண்டார். உனக்கு ஏதும் விளங்குதோ?"

விளங்கியது. கடிதத்தை வெங்கட்ராமனிடம் கொடுத்தான். அவன் இரண்டு தரம் படித்தான்.

"கணக்கு சரியாத்தான் இருக்கு. மூத்தவருக்குத்தானே முதல் இலை?"

"நான் கப்டனை மட்டும்தானே கூப்பிட்டனான்."

"கப்டன்டா அவர். ஆளுங்களை விட்டுட்டுச் சாப்பிட வருவாரா?"

"அவரை விலக்கிறதுக்கு மந்திரம் இருக்கோ?"

"சொந்தம் சேர்க்கத்தான் இருக்கு. டைவர்ஸுக்கு இல்லை."

அடுத்த அமாவாசைக்கு ஒரு வாரம் இருந்தது. விலக்க முடியாதென்றால் வயிறு நிரப்பி அனுப்பிவிடுவது என்று சிறிதரன் முடிவெடுத்தான். அமாவாசையன்று விடிய எழுந்து, குசினியில் இருந்த பெரிய பானை முழுக்கச் சோறு காய்ச்சி, எள் பிசைந்து, முப்பத்திமூன்று பிண்டம் பிடித்தான். முப்பத்திரண்டு அவர்களுக்கு. ஒன்று அப்பாவுக்கு.

நடுப்பகலில் குடா பனிமூட்டத்துக்குள் கிடந்தது. வற்றிய கடல் மணலைக் கண்ணாடிபோல விட்டுப் போயிருந்தது. பிண்டங்களை வரிசையாக வைத்தான். வெங்கட்ராமன் கப்டனின் பெயரைச் சொன்னான்.

தண்ணீர் ஓரத்தில் ஒரு சப்பாத்துத் தடம் விழுந்தது. பிறகு அடுத்தது. ஆள் இல்லை, தடம் மட்டும் நடந்து வந்து பிண்டங்களுக்கு முன்னால் நின்றது. அதன் பின்னால் இன்னொரு சோடி. அதன் பின்னால் இன்னொன்று. வெள்ளைக்காரர்கள் செத்த பிறகும் ஒழுங்காக வரிசையில்தான் நின்றார்கள்.

முதல் பிண்டம் இருந்த இடத்தில் ஈரம் மட்டும் மிஞ்சியது. இரண்டாவதும் போயிற்று. மூன்றாவதும். முதல் தடம் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது.

"கப்டன் மூணு எடுத்துட்டார்," என்றான் வெங்கட்ராமன். "நூத்தியாறு வருஷப் பசிடா."

அடுத்தவரும் மூன்று எடுத்தார். அதற்கடுத்தவர் நான்கு. இப்படியே போனால் வரிசை பாதியைத் தாண்டுமுன் சோறு முடிந்துவிடும். சிறிதரன் வரிசையைக் கண்ணால் அளந்துகொண்டே போனான். கடைசியில், பனிமூட்டம் தண்ணீரைத் தொடும் இடத்தில், சப்பாத்தில்லாத இரண்டு பாதங்கள் பதிந்திருந்தன. பெருவிரல் சற்று விலகிய பாதம். அவனுடையதும் அதே பாதம்தான்.

குனிந்து இரண்டு பிண்டங்களை அள்ளிக்கொண்டு நடந்தான்.

"டேய், வரிசையைக் கலைக்காதடா."

"கடைசியா நிக்கிறது என்ரை அப்பா."

தடங்களை மிதிக்காமல் பக்கவாட்டில் போனான். ஒவ்வொரு சோடியையும் கடக்கும்போது தார் வாடையும் நனைந்த கம்பளி வாடையும் அடித்தன. அந்தப் பாதங்களுக்கு முன்னால் தண்ணீரில் முட்டுக்காலிட்டு, ஒரு பிண்டத்தை உள்ளங்கையில் வைத்து நீட்டினான்.

"அப்பா, நான் சிறி. சாப்பிடுங்கோ."

உள்ளங்கை குளிர்ந்தது. பிறகு பாரம் குறைந்தது.

முதுகுக்குப் பின்னால் மணல் நசிந்தது. ஒன்று, இரண்டு என்று தொடங்கி, பிறகு எல்லாம் சேர்ந்தாற்போல. திரும்பிப் பார்த்தான். மேட்டைப் பார்த்து நின்ற முப்பத்திரண்டு சோடித் தடங்களும் இப்போது அவனைப் பார்த்து நின்றன. அவற்றுக்கு அப்பால் எங்கோ பனிமூட்டத்துக்குள் வெங்கட்ராமன் அவன் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தான்.

மற்றக் கையில் இன்னும் ஒரு பிண்டம் இருந்தது, அவர்களுடைய பங்கு. சிறிதரன் அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அதையும் அப்பாவிடமே நீட்டினான்.