ரேஸ் கிளட்சும் கணியூர் விருந்தும்

ஆதிப்பின் கார் மாரிச்செல்வத்தின் பட்டறையிலிருந்து வீடு திரும்பிய காலையில், அதற்கு முதல் எதிர்ப்பு தெரிவித்தவை எதிர்வீட்டுக் காளியாத்தாளின் கோழிகள். இரண்டாவது காளியாத்தாள்.

“ஏனுங் தம்பி, காருக்குள்ள ரைஸ்மில்லு ஏதாச்சும் வெச்சிருக்கறீங்களா?”

“இல்லீங்க்கா. மவுண்ட் மாத்தியிருக்கறேன்.”

“மாத்தறதுக்கு முந்தி நல்லாத்தானுங்களே இருந்துச்சு?”

இதற்கு ஆதிப்பிடம் நீளமான பதில் இருந்தது. கோழிகளைப் பிடிக்க ஓடிக்கொண்டிருந்த காளியாத்தாளுக்கு அதைக் கேட்க நேரமில்லை. ஆனால் பிற்பாடு நடந்தவை எல்லாம் அதிலிருந்து வந்தவை என்பதால் இங்கே சொல்லிவிடுவதே முறை.

கார் ஜப்பான்காரன் செய்தது. பழையது, சிவப்பு, இரண்டே கதவு. பின்னால் இரண்டு சீட்டு இருப்பதாக ஆர்சி புத்தகம் சொன்னது. எந்தக் காரிலும் இன்ஜினும் கியர்பாக்ஸும் நேராக இரும்பில் உட்காருவதில்லை. மவுண்ட் என்னும் ரப்பர் கட்டைகளின் மேல் உட்காருகின்றன. இந்தக் காரில் அந்த ரப்பர் கிழடு தட்டிப் போயிருந்தது. கியர் மாற்றும்போதெல்லாம் இன்ஜின் ஒருமுறை புரண்டு படுத்தது. கிளட்சும் வழுக்கியது.

மாரிச்செல்வம் கோவில்பட்டிப் பக்கத்துக்காரர். திருப்பூர் காங்கேயம் ரோட்டில் பட்டறை வைத்து இவ்வளவு காலமாகியும் பேச்சு மட்டும் ஊர் மாறவில்லை. அவர் அப்போதே சொன்னார்.

“அண்ணாச்சி, கம்பெனி ரப்பரையே போடுவோம். குடும்பத்தோட போற வண்டி.”

“குடும்பம் போறதுக்கு வேற வண்டி இருக்குதுங்க. எனக்கு ரேஸ்ல போடற கெட்டி மவுண்ட் வேணும். கிளட்சும் அதே மாதிரி.”

“போட்டுட்டா கியரு சொன்ன பேச்சு கேக்கும். ஓடும்போது ராசா மாதிரி போவும். ஆனா நிக்கும்போது இன்ஜின் ஆட்டம் பூராவும் ஒங்க முதுகெலும்புக்கு வந்துரும், பாத்துக்கிடுங்க.”

“வரட்டும்.”

“கிளட்ச் பெடல நீங்க அமுக்க மாட்டிய. அதுதான் ஒங்கள அமுக்கும்.”

“அமுக்கட்டுங்க.”

கேட்டதைக் கேட்டபடி போட்டுக் கொடுத்தார். அந்தக் கிளட்ச் ஒன்று பிடித்தது, இல்லாவிட்டால் விட்டது. நடுவில் பேச்சுவார்த்தை கிடையாது. பெடலை மிதிக்க ஆதிப் சீட்டில் முதுகை அண்டக் கொடுத்து, பல்லைக் கடிக்க வேண்டியிருந்தது. வண்டி ஓடினால் அம்பு. நின்றால் மாவு மெஷின்.

அன்றைக்கே அம்மா முனவர் பேகம் கடைவீதி வரை அதில் போய்விட்டு வந்து தீர்மானமாகச் சொன்னார்.

“கண்ணாடியில ஒரு லாரி வந்தா நாலு லாரி தெரியுது. எங் கையில வளையலு தானாப் பாடுது. இதை வித்துப்போட்டு, பூப்போலப் போற ஆட்டோமேட்டிக் வண்டி ஒண்ணு வாங்கிப்போடு கண்ணு.”

வழக்கு ராஜா முகமதுவிடம் போயிற்று. ஆதிப்பின் அத்தா, அதாவது அப்பா. கார் அவர் பேரில்தான் இருந்தது, ஆகவே தீர்ப்பும் அவருடையதுதான்.

வழக்கில் தோற்றாயிற்று என்றே ஆதிப் நினைத்தான். ஏனென்றால் அத்தா தூங்கிப் பல மாதம் ஆயிற்று. தூங்காத மனிதர் நீதிபதியாக உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பதை வீடே பார்த்துக்கொண்டிருந்தது. டிக் டிக் என்கிறதே என்று சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி அரிசி டிரம்முக்குள் போட்டிருந்தார். சிரிக்கும்போது மூக்கு விடைக்கிறது என்பதற்காக ஒரு சாயப்பட்டறை மேனேஜரோடு பேச்சை நிறுத்தியிருந்தார்.

அந்த வீடு நிட்டிங் யூனிட்டுக்கு மேலே கட்டிய வீடு. கீழே மெஷின்கள் இராப்பகலாகத் துணி பின்ன, மேலே குடும்பம் வாழ்ந்தது. கட்டில், பீரோ, டம்ளரில் இருக்கும் தண்ணீர் எல்லாம் மெல்ல அதிர்ந்துகொண்டே இருக்கும். அந்தத் தெருவில் தொட்டிலை யாரும் ஆட்டியதில்லை, அதுவாக ஆடியது. கரண்டு போய் மெஷின் நின்றால்தான் வீட்டில் எல்லாரும் திடுக்கென்று எழுந்து உட்காருவார்கள். துணி வாங்கும் பையர் வந்தால் சமையல்கட்டு வழியாகவா கூட்டிப் போவது என்று ஆதிப்தான் போன வருஷம் வாதாடி, ஊருக்கு வெளியே ஷெட் போட்டு, புது மெஷின்களை அங்கே இறக்கி, பழையவற்றை விற்றான். வீடு அமைதியானது. அதிலிருந்து அத்தாவுக்குத் தூக்கம் போயிற்று. பித்தம் என்றார் ஒருவர். செல்போன் டவர் என்றார் இன்னொருவர். கசகசாவைப் பாலில் அரைத்துக் கொடுத்தார் முனவர் பேகம். குடித்துவிட்டு விட்டத்தைப் பார்த்தபடி கிடந்தார் ராஜா முகமது.

சிவந்த கண்களோடு அவர் வழக்கை விசாரித்தார்.

“ஞாயித்துக்கிழமை உங்க மாமு ஊட்டு விருந்துக்குக் கணியூர் போறமல்ல? இதுலயே போலாம். போய் எறங்கறப்ப என் வாயில ‘நல்லாருக்குது’ன்னு வந்தா நீ வெச்சுக்க. வரலைன்னா அடுத்த நாளே வித்துப்போடோணும்.”

“சரிங்கத்தா,” என்றான் ஆதிப். அத்தா வாயிலிருந்து அந்தச் சொல் கடைசியாக வந்தது எப்போது என்று அவனுக்கு நினைவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ராஜா முகமது முன்சீட்டில் அமர்ந்தார். முனவர் பேகம் பின்சீட்டுக்குள் ஒரு பக்கமாக நுழைந்து, முழங்கால் தாடைக்கு நேராக வர உட்கார்ந்துகொண்டார். மடியில் கணியூர் அண்ணன் அப்துல்லாவுக்காகத் தோய்த்த எருமைத்தயிர், ஒரு தூக்குப்போசி நிறைய.

ஆதிப் பிஸ்மி சொல்லிக் கிளட்சை விட்டான். கார் ஒரு துள்ளு துள்ளி நின்றது. மறுபடி விட்டான். மறுபடி துள்ளியது.

“ஏன்டா, வண்டியா தவளையா?” என்றார் அத்தா.

“பழகற வரைக்கும் அப்படித்தானுங்கத்தா.”

“யாரு பழகோணும்? நானா, அதுவா?”

“யா அல்லா, தயிரு!” என்றது பின்சீட்டு.

எப்படியோ கிளம்பினார்கள். ஊருக்குள் சாக்கடைக்காக ரோட்டைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். துணிக்கட்டு ஏற்றிய வேன், டவுன் பஸ், ஆட்டோ, எல்லாம் ஒன்றின் முதுகில் ஒன்றாக நின்றன. சிவப்புக் காரும் நின்றது. நின்றதுமே ஆட்டம் தொடங்கியது. டேஷ்போர்டு நடுங்கியது. அதில் சாமான் வைக்கும் டப்பா தானாகத் திறந்து, மூடி, மறுபடி திறந்தது.

முடிந்தது கதை என்று ஆதிப் நினைத்தான். ஓரக்கண்ணால் பார்த்தான். அத்தா கண்ணை மூடியிருந்தார், உதடு அசைந்தது. பயத்தில் துஆ ஓதுகிறார் போலிருக்கிறது. தலை சீட்டில் சாய்ந்து சன்னமாக ஆடியது. கன்னச் சதை ஆடியது. பிறகு ஒரு சத்தம் வந்தது. துண்டு துண்டாக நறுக்கிய சத்தம்.

ஹ்ர்-ர்-ர்-ர்.

“ஆதிப்பு! அத்தாவுக்கு என்னமோ ஆகுது! மூச்சப் பாருடா!”

ஆதிப் குனிந்து காதை வைத்தான். நிமிர்ந்தான். நம்ப முடியாமல் மறுபடி வைத்தான்.

“அம்மா, அத்தா தூங்கறாருங்க.”

பின்சீட்டில் பாடிக்கொண்டிருந்த வளையல்களை ஒரு கை இறுக்கிப் பிடித்தது.

“ஹாரன் அடிக்காத,” என்று முனவர் பேகம் கிசுகிசுத்தார். “யாரையும் அடிக்க உடாத.”

பின்னால் இருந்த ஆட்டோக்காரரைப் பார்த்து ஆதிப் கையெடுத்துக் கும்பிட்டான். வெகுநேரம் கழித்து நெரிசல் விலகியது. தாராபுரம் ரோடு திறந்து கிடந்தது. இரண்டு, மூன்று, நான்கு. கியர் ஒவ்வொன்றும் சொன்ன பேச்சு கேட்டு விழுந்தது. இன்ஜின் ஒரு மயிரிழை புரளவில்லை. வேகம் ஏற ஏற ஆட்டம் அடங்கி, வண்டி தண்ணீரில் போவதுபோல் போயிற்று. இதற்காகத்தான் இத்தனையும் செய்தான் ஆதிப். அவன் கண் கலங்கியது.

அத்தா திடுக்கென்று விழித்தார்.

“என்ன, கரண்டு போயிருச்சா?”

ஆதிப்பும் முனவர் பேகமும் கண்ணாடியில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கண்ணாடி இப்போது ஆடாததால் இருவருக்கும் எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. பித்தமும் இல்லை, டவரும் இல்லை.

“ஆதிப்பு, வண்டிய நிறுத்து,” என்றார் அம்மா. “இன்ஜினை மட்டும் அணைச்சுப்போடாத.”

“அம்மா, இப்பத்தானுங்க ரோடு கெடைச்சிருக்குது...”

“நிறுத்துன்னா நிறுத்தோணும்.”

புளிய மர நிழலில் நிறுத்தினான். டப்பா திறந்து மூடியது. ராஜா முகமது, “ஆ, வந்துருச்சு,” என்று முனகிவிட்டுக் கண்ணை மூடினார்.

வெகுநேரத்துக்குப் பின் கணியூரிலிருந்து அப்துல்லா போன் செய்தார்.

“ஏம்மா முனவரு, எங்க இருக்கறீங்க? பிரியாணி தம் உடைச்சாச்சு.”

“தாராபுரம் ரோட்டுல நிக்கறமுங்ணா. உங்க மச்சான் தூங்கறாரு.”

“வண்டி கெட்டுப்போச்சா?”

“இல்லீங்ணா, வண்டி நல்லா நிக்குது. மெதுவாப் பேசுங்க, முழிச்சுக்குவாரு.”

“நான் கணியூர்ல இருக்கறன், தாயி!” என்றார் அப்துல்லா. ஆனாலும் குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார்.

விருந்து ஆறிய பிறகுதான் போய்ச் சேர்ந்தார்கள். ராஜா முகமது இறங்கிச் சோம்பல் முறித்தார். கண்ணில் சிவப்பு போயிருந்தது. சாயப்பட்டறை மேனேஜர் நல்ல மனுஷன், பேச வேண்டும் என்றார். தூக்குப்போசியைத் திறந்து பார்த்த அப்துல்லாவின் மனைவி, “தயிர்னு சொன்னீங்க, மோரும் வெண்ணெயும் தனித்தனியா இருக்குதுங்களே மதினி,” என்று கேட்டார். எல்லாரும் ராஜா முகமதுவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவர் பானெட்டின் மேல் கையை வைத்தார். மாட்டுச் சந்தையில் காளையைத் தடவுவதுபோல் ஒருமுறை தடவினார்.

“நல்லாருக்குது,” என்றார்.

ஆதிப்புக்கு அப்படியே தூக்கிக் கொண்டாட வேண்டும்போல் இருந்தது. காரையா அத்தாவையா என்றுதான் தெரியவில்லை.

“ஆனா ஒண்ணு,” என்றார் அத்தா. “வேகமாப் போனா கெட்டுப்போவுது. அதை மட்டும் மாரிச்செல்வத்துகிட்டச் சொல்லிச் சரிபண்ணிப்போடு.”

மாரிச்செல்வம் போனில் இதைக் கேட்டுவிட்டு, “ரேஸ் வண்டியத் தொட்டிலாக்கிட்டியளே அண்ணாச்சி,” என்றார்.

வீட்டு வாசலிலேயே வண்டியை ஓடவிட்டுத் தூங்கலாமே என்று ஆதிப் சொல்லிப் பார்த்தான். புகை தன் வீட்டுக்குள் வருகிறது என்று காளியாத்தாள் கோழிகளோடு வந்து நின்றாள். ஷெட்டில் கட்டில் போட்டார்கள். அங்கே நூல் அறுந்ததா, ஊசி உடைந்ததா என்று அத்தா எழுந்து எழுந்து பார்த்தார். “நிக்கற வண்டிக்குப் பெட்ரோல் ஊத்தறது வீண்செலவு. போற வண்டி தானா நின்னா அது வேற கணக்கு,” என்றும் தெளிவாகச் சொல்லிவிட்டார்.

ஆகவே இப்போது மதியத் தொழுகை முடிந்ததும் ஆதிப் செல்போனில் மேப்பைத் திறக்கிறான். திருப்பூரில் எல்லாரும் சிவப்புக் கோடு இல்லாத ரோட்டைத் தேடும்போது, அவன் இருப்பதிலேயே கருஞ்சிவப்பான ரோட்டைத் தேர்ந்தெடுத்து அத்தாவை ஏற்றிக்கொண்டு போகிறான். அங்குலம் அங்குலமாக ஊர்வதில் இடதுகால் அந்தக் கிளட்சோடு மல்லுக்கு நின்று, அந்தத் தொடை மட்டும் வலதைவிடப் பருத்துவிட்டது. பேண்ட் தைக்கும் டெய்லர் இரண்டு கால்களுக்கும் தனித்தனி அளவு எடுக்கிறார்.

போன வாரம் டிராபிக் போலீஸ்காரர் ஒருவர் ஜன்னல் பக்கம் வந்தார்.

“ஏனுங் தம்பி, தினமும் இதே ஜாம்ல வந்து மாட்டிக்கறீங்க. பாவமா இருக்குது. வாங்க, ஓரமா வழி உடறன்.”

ஆதிப் பதறிப்போய் அத்தாவைப் பார்த்தான். ஹ்ர்-ர்-ர்-ர்.

“வேண்டாங்க சார்,” என்றான் தாழ்ந்த குரலில். “பின்னால பஸ்ஸு நிக்குதுங்க. அதை மொதல்ல உடுங்க. அந்த வேனையும் உடுங்க. நான் நிக்கறனுங்க.”

போலீஸ்காரர் அவனை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பஸ்ஸுக்குக் கை காட்டினார். கடந்து போகும்போது கண்டக்டர் படியில் தொங்கியபடி ஆதிப்புக்கு ஒரு சலாம் வைத்தார். ஆதிப் கையைத் தூக்கிப் பதில் சலாம் வைத்தான். கிளட்சிலிருந்து இடதுகாலை எடுக்க முடியவில்லை.